இலையோரத்துக் கறிவேப்பிலை

போன வாரம் மால்டோவாவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நான்கைந்து வரிதான். கூடவே ஒரு கிணற்றின் படம். மறுநாள் காலை நடையில் நண்பரிடம் அதைப் பற்றிச் சொன்னேன். அவர் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருஷம் கடன் கொடுத்துக் கடன் வசூலித்தவர் என்பதால் எதையும் வரவு செலவாகத்தான் பார்ப்பார்.

"ஏன் சார், ஐரோப்பாக்காரன் ஆராய்ச்சிக்குப் பணம் தரேன்னு கூப்பிடறான். பக்கத்து நாட்டுக்காரன் வந்து வாங்கிக்க மாட்டேங்கறான்னா அது சோம்பேறித்தனம்தானே?"

அம்மா மண்டபம் அருகே பதில் சொல்ல ஆரம்பித்தேன். வீட்டு வாசல் வந்தும் முடியவில்லை. "மீதியை எழுதிடுங்க சார், கண்ணாடி போட்டுண்டு படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த மீதிதான் இது. இதில் நான் செய்த ஒரு தப்பும் இருக்கிறது. அதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

புதிதாகப் படிக்க வருபவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் கும்பகோணத்துப் பக்கம் பிறந்தவன். சென்னை ஐ.ஐ.டி.யில் வேதியியல் எம்.எஸ்ஸி. முடித்து 1975-இல் ஜெர்மனிக்குப் போனேன். டாக்டர் பட்டம் வாங்கியபின் ஒரு பல்கலைக்கழகத்தின் தண்ணீர் ஆய்வகத்தில் வேலை. 2016-இல் ஓய்வு பெறும்வரை அங்கேயேதான். கடைசிப் பதினைந்து வருஷம் சோதனைக் குழாயைத் தொட்டது குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு நிதி விண்ணப்பம் எழுதுவதே என் முழுநேர வேலையாகிவிட்டது.

அந்த நிதி எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1984-இல் தொடங்கிய ஏற்பாடு அது. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரு பெரிய திட்டம் போட்டு, உறுப்பு நாடுகளின் ஆராய்ச்சியாளர்களைக் கூட்டாக விண்ணப்பிக்கச் சொல்வார்கள். ஏழாவது திட்டம் 2007 முதல் 2013 வரை, ஏறத்தாழ ஐயாயிரம் கோடி யூரோ. அதற்கடுத்தது ஹொரைசன் 2020, சுமார் எட்டாயிரம் கோடி யூரோ. 2021-இல் தொடங்கிய ஹொரைசன் யூரோப்புக்கு முதலில் ஒதுக்கியது அதையும் தாண்டி 9,550 கோடி யூரோ. ரூபாய் இல்லை, யூரோ.

கூட்டு ஆராய்ச்சி என்றால் குறைந்தது மூன்று வெவ்வேறு நாடுகளிலிருந்து மூன்று நிறுவனங்களாவது சேர வேண்டும். நடைமுறையில் எட்டு, பத்து பேர் சேர்வார்கள். விண்ணப்பத்தைச் சுயேச்சையான நிபுணர்கள் படித்து மதிப்பெண் போடுவார்கள். ஆராய்ச்சியின் தரத்துக்கு ஐந்து, அதனால் விளையும் பயனுக்கு ஐந்து, செய்து முடிக்கும் முறைக்கு ஐந்து. மொத்தம் பதினைந்து. ஒவ்வொன்றிலும் மூன்றும், கூட்டினால் பத்தும் எடுத்தால் பாஸ். ஆனால் பாஸ் செய்தவருக்கெல்லாம் பணம் கிடைக்காது. ஹொரைசன் 2020-இல் எட்டு விண்ணப்பத்துக்கு ஒன்று என்ற கணக்கில்தான் தேறியது. நம் ஊர் நுழைவுத் தேர்வு மாதிரி.

ஒன்றியத்தில் உறுப்பினராக இல்லாத பக்கத்து நாடுகளும் ஓர் ஒப்பந்தம் போட்டு இதில் சேரலாம். அதற்கு 'இணை நாடு' என்று பெயர். சேர்ந்துவிட்டால் அந்த நாட்டு ஆராய்ச்சியாளர்களுக்கு ஜெர்மனிக்காரருக்கும் பிரான்ஸ்காரருக்கும் உள்ள அதே உரிமை. ஆனால் இலவசம் இல்லை. தன் பொருளாதாரத்தின் அளவைப் பொறுத்து அந்த நாடு சந்தா கட்ட வேண்டும். மால்டோவா 2012 ஜனவரி முதல் தேதி இப்படிச் சேர்ந்தது. கிழக்குப் பக்கத்து அண்டை நாடுகளில் முதலில் சேர்ந்தது அதுதான்.

ருமேனியாவுக்கும் உக்ரைனுக்கும் நடுவில் இருக்கும் சின்ன நாடு அது. மக்கள்தொகை ஏறக்குறைய நம் திருச்சி மாவட்டத்து அளவு. 1991 வரை சோவியத் யூனியனின் ஒரு பகுதி. கரிசல் மண், திராட்சைத் தோட்டம், வால்நட் மரம் என்று பார்க்க வளமாகத்தான் இருக்கும். ஆனால் ஐரோப்பாவின் ஏழை நாடுகளில் ஒன்று. அப்படிப்பட்ட நாடு சந்தா கட்டிவிட்டு, அதன் ஆராய்ச்சியாளர்கள் விண்ணப்பத்தில் ஜெயிக்கவில்லை என்றால் என்ன ஆகும்? "பிரீமியம் மட்டும் கட்டிண்டே இருந்து கிளெய்மே வராத பாலிசி" என்றார் நண்பர். சரியாகச் சொன்னார்.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

2012-இல் நாங்கள் நிலத்தடி நீர் பற்றி ஒரு விண்ணப்பம் தயார் செய்துகொண்டிருந்தோம். வயலில் கொட்டும் உரமும் தொழுவத்துச் சாணமும் கழிவுக்குழியும் மண்ணில் இறங்கி, கிணற்றுத் தண்ணீரில் நைட்ரேட்டாகச் சேர்வதைப் பற்றியது. ஐரோப்பாவில் குடிதண்ணீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட் வரை அனுமதி. நம் இந்தியத் தர அளவு 45. அதற்கு மேல் போனால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தி குறைந்து குழந்தையின் உடம்பு நீலம் பாரித்துவிடும்.

ஏழு நிறுவனங்கள் சேர்ந்தாகிவிட்டது. அந்த அழைப்பில், அண்டை நாடுகளையும் சேர்த்துக்கொள்வது நல்லது என்று ஒரு வரி இருந்தது. கெடுவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது எங்கள் பேராசிரியர், "அந்தப் பக்கத்திலிருந்து யாரையாவது பிடி" என்றார். பிடித்தேன். கிஷினாவ் நகரத்தில் ஓர் ஆய்வு நிலையத்தில் நீர் வேதியியல் பார்க்கும் பேராசிரியை ஒருவர். ஒரு கருத்தரங்கில் இரண்டு நிமிஷம் பேசிய பழக்கம். என் வயதுதான் இருக்கும்.

அவருக்கு என்ன வேலை கொடுத்தேன் தெரியுமா? மூன்று வருஷத் திட்டத்தில் இரண்டு மாதச் சம்பளம், இரண்டு விமான டிக்கெட். வேலை: திட்டத்துக்கு ஒரு வலைப்பக்கம் நடத்துவது, கடைசியில் ஒரு பயிலரங்கம் வைப்பது. முப்பது வருஷமாகக் கிணற்று நீரை ஆராய்ந்த அம்மாளுக்கு அதுதான் வேலை. அவரிடம் என்ன தரவு இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை. நேரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த இரண்டு மாதச் சம்பளத்துக்காக அவர் பட்ட பாடு எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. முதலில் நிறுவனத்தைப் பதிவு செய்து ஒன்பது இலக்க எண் ஒன்று வாங்க வேண்டும். அதற்குச் சட்டப்படியான காகிதங்கள், நிதிக் கணக்கு, கையெழுத்துப் போட அதிகாரம் உள்ளவர் யார் என்ற சான்று எல்லாம் வேண்டும். படிவம் முழுதும் ஆங்கிலம். அவருக்கு ருமேனிய மொழியும் ரஷ்ய மொழியும் தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான். நிலையத்தில் இதையெல்லாம் பார்க்கத் தனி ஆள் கிடையாது. எங்கள் பல்கலைக்கழகத்திலோ இதற்கென்றே ஓர் அலுவலகம். வக்கீலும் கணக்காளரும் உட்கார்ந்திருப்பார்கள். நான் போன் செய்தால் போதும். அவர் மேலதிகாரிக்கு விளக்கி, கணக்கருக்கு விளக்கி, பல இரவு விழித்து அனுப்பினார்.

விண்ணப்பம் தோற்றது. பதினைந்துக்குப் பத்தரை. நிபுணர்களின் குறிப்பில் ஒரு வரி இன்னும் நினைவிருக்கிறது. மால்டோவாக் கூட்டாளியின் பங்கு எதற்கு என்று விளங்கவில்லை, பெயருக்குச் சேர்த்தது போலிருக்கிறது என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். உள்ளதைத்தானே சொன்னார்கள்.

முறைப்படி எல்லாக் கூட்டாளிகளுக்கும் முடிவை அனுப்பினேன். மற்றவர்கள் 'அடுத்த முறை பார்க்கலாம்' என்று எழுதினார்கள். அவரிடமிருந்து ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. யாரோ ஆங்கிலத்தில் திருத்திக் கொடுத்த கடிதம். "எங்களை அழைத்ததற்கு நன்றி. ஆனால் நீங்கள் எங்களை எண்ணினீர்கள், எங்களிடம் எதுவும் கேட்கவில்லை" என்றிருந்தது.

அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் மனைவி, "என்ன, யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றாள். சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கறிவேப்பிலையாட்டம் பண்ணிட்டேள். வாசனைக்குப் போட்டுட்டு, சாப்பிடறச்சே எடுத்து இலையோரத்துல வச்சுட்டேள்" என்றாள்.

எனக்கு வலித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1970-களில் நான் ஜெர்மனிக்குப் போன புதிதில் என்னையும் அப்படி வைத்திருந்தவர்கள் உண்டு. மாதிரி எடுப்பது நான், ராத்திரி முழுக்க அளப்பது நான். கட்டுரையில் பெயர் வேறொருவருடையது. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் என் பெயர், அதிலும் எழுத்துப்பிழையோடு. அதை நாற்பது வருஷமாக மறக்காதவன், அதையே இன்னொருத்தருக்குச் செய்திருக்கிறேன். மாமியாரிடம் பட்ட மருமகள் மாமியாரான கதைதான்.

2013 செப்டம்பரில் பத்து நாள் லீவு எடுத்து, என் சொந்தச் செலவில் கிஷினாவ் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் என்று சொன்னால் பெருமையாக இருக்கும். உண்மையில், அடுத்த விண்ணப்பத்துக்கு அவர் தேவை என்ற எண்ணமும் இருந்தது. இரண்டும் கலந்துதான் போனேன்.

விமான நிலையத்துக்கு அவரே வந்திருந்தார். கூட ஓர் இளைஞன், அவருடைய மாணவன், ஆங்கிலம் நன்றாகப் பேசுவான். முதல் நாள் ஆய்வகத்துக்கு என்னைக் கூட்டிப் போகவில்லை. காரில் ஏற்றிக் கிராமத்துக்குக் கூட்டிப் போனார். அந்த நாட்டில் சாலையோரக் கிணறு என்பது ஒரு தனி அழகு. மேலே கூரை போட்டு, மரத்திலும் தகரத்திலும் பூவேலை செய்து, நீலமோ பச்சையோ வண்ணம் அடித்து, பக்கத்தில் ஒரு சிலுவை நிறுத்தியிருப்பார்கள். வழிப்போக்கர் குடிக்க வாளியும் குவளையும் இருக்கும். கிணறு வெட்டுவது புண்ணியம் என்ற நம்பிக்கை அங்கேயும் உண்டு. நம் ஊர்த் தண்ணீர்ப் பந்தல் ஞாபகம் வந்தது.

குவளையை எடுக்கப் போனேன். கையைப் பிடித்துத் தடுத்தார். "120" என்றார். லிட்டருக்கு 120 மில்லிகிராம். இந்தக் கிராமம் 120, அடுத்தது 80, மேட்டிலிருக்கும் அந்தக் கிராமம் மட்டும் 30 என்று மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். புண்ணியத்துக்கு வெட்டிய கிணற்றில் அந்தக் கணக்கு!

மறுநாள் ஆய்வகம். ஓர் அலமாரியைத் திறந்தார். உள்ளே கட்டம் போட்ட நோட்டுப் புத்தகங்கள், அடுக்கடுக்காக. சோவியத் காலத்திலிருந்து வருஷம் தவறாமல் ஊர் ஊராகப் போய் எடுத்த அளவுகள். ரஷ்ய எழுத்தில், ஊதா மையில். யூனியன் உடைந்து சம்பளமே ஒழுங்காக வராத வருஷங்களில்கூட விடவில்லை. பஸ்ஸில் போய் மாதிரி எடுத்து வந்திருக்கிறார். எங்கள் ஏழு நிறுவனங்களில் ஒருவரிடமும் அத்தனை நீண்ட காலத் தொடர் கிடையாது. எந்த உரம் எத்தனை வருஷம் கழித்துக் கிணற்றில் தலைகாட்டுகிறது என்று தெரிய வேண்டுமானால் அந்த அலமாரியில்தான் விடை இருக்கிறது. அவரை நான் வலைப்பக்கம் நடத்தச் சொல்லியிருக்கிறேன்!

அன்று மாலை அவர் வீட்டில் சாப்பாடு. மமலிகா என்று ஒன்று; மக்காச்சோள மாவில் கிண்டிய களி. மேலே பாலாடைக்கட்டி துருவிப் போட்டுத் தருவார்கள். வீட்டில் செய்த திராட்சை மது வைத்தார்கள். நான் குடிப்பதில்லை என்றதும் திராட்சைச் சாறு வந்தது. அப்போதுதான் கறிவேப்பிலை விஷயத்தை எடுத்தேன். அந்தப் பையன் மொழிபெயர்க்கத் திணறினான். அப்படி ஓர் இலையை அவர்கள் பார்த்ததே இல்லை. சைகையால் காட்டினேன்: தாளிக்கும்போது போடுவது, சாப்பிடும்போது ஒதுக்குவது. அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு "கறிவேப்பிலை" என்று மூன்று தரம் சொல்லிப் பார்த்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார். ஜெர்மனியில் நாற்பது வருஷத்தில் ஒருத்தர் வாயிலும் அவ்வளவு சுத்தமாக அந்தச் சொல் வந்ததில்லை.

மிச்ச நாட்களில் இரண்டு பேரும் உட்கார்ந்து, வெள்ளைத் தாளிலிருந்து அடுத்த விண்ணப்பத்தை யோசித்தோம். நான் படிவத்தின் சூட்சுமத்தைச் சொன்னேன். அவர் என் அறிவியலில் ஓட்டை கண்டுபிடித்தார். எங்கள் மாதிரிக் கணக்கு ஜெர்மனியின் மணல் மண்ணுக்குப் பொருந்தும், கரிசலுக்குப் பொருந்தாது என்று காட்டினார். கரிசல் தண்ணீரையும் உரத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல விடும். தஞ்சாவூர்க்காரனான எனக்கே இது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் அங்கேதான் புரிந்தது. இந்த நிதியில் சம்பளம் அவரவர் நாட்டு விகிதப்படிதான். அங்கே ஆராய்ச்சியாளர் சம்பளம் மாதம் சில நூறு யூரோ. எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த டாக்டர் பட்டக்காரருக்கு ஆகும் செலவு அதைப்போல் பத்து மடங்குக்குக் குறையாது. ஒரே மேஜையில் ஒரே வேலை, கூலி பத்தில் ஒன்று. கணக்கைப் பார்த்தால் அந்த நாட்டுக்குப் போகும் தொகை எப்போதுமே சின்னதாகத்தான் தெரியும். அதை வைத்து அவர்கள் செய்த வேலை சின்னது என்று முடிவு கட்டக்கூடாது.

கிளம்பும்போது அவருக்கு ஒரே ஒரு யோசனை சொல்லிவிட்டு வந்தேன். மதிப்பெண் போடும் நிபுணர்களின் பட்டியலில் யார் வேண்டுமானாலும் தன் தகுதியைக் காட்டிப் பெயர் பதிந்துகொள்ளலாம். "நீங்கள் பதியுங்கள்" என்றேன். "என் ஆங்கிலத்துக்கா?" என்று தயங்கினார். ஆறு மாதம் இரவுப் பாடம் படித்துவிட்டுப் பதிந்தார். ஒரு வருஷம் கழித்து அழைப்பு வந்தது. பிரஸ்ஸல்ஸ் போய்ப் பிறர் எழுதிய விண்ணப்பங்களைத் திருத்திவிட்டு வந்தார். வந்ததும் என்னைக் கூப்பிட்டு, "டாக்டர், பெரிய பல்கலைக்கழகங்களும் மோசமாகத்தான் எழுதுகின்றன!" என்றார். அந்தக் குரலில் அதுவரை இல்லாத ஒரு தெம்பு. வாத்தியார் வேலை பார்த்த வாசகர்களுக்கு இது புரியும். பரீட்சைத் தாள் திருத்தியவருக்குத்தான் பரீட்சை எப்படி எழுதுவது என்று தெரியும். எத்தனையோ பயிலரங்கம் கற்றுத் தராததை அந்த ஒரு பயணம் கற்றுத் தந்தது.

புதிய விண்ணப்பத்தை 2015-இல் போட்டோம். ஆறு பணிப் பிரிவுகளில் ஒன்றுக்குத் தலைமை அவர்தான். எங்கள் பேராசிரியர் முதலில் முகம் சுளித்தார். "அனுபவம் இல்லாதவர்களிடம் ஒரு பகுதியையே கொடுத்தால் மதிப்பெண் போகும்" என்றார். நோட்டுப் புத்தகங்களின் படத்தைக் காட்டினேன். அடங்கினார். மதிப்பெண் பன்னிரண்டரை. பணம் கிடைக்கப் பதின்மூன்று தேவைப்பட்டது. அரை மார்க்கில் போயிற்று. என் ஓய்வுக்கு ஒரு வருஷம்கூட இல்லை. எனக்கு மனசு விட்டுப் போயிற்று. அந்த அம்மாள்தான், "குறிப்பைப் படித்தேன். மூன்று இடத்தைத் திருத்தினால் போதும். மறுபடி போடுவோம்" என்றார். மறுபடி போட்டோம். நான் ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்தில் வீடு பார்த்துக்கொண்டிருந்தபோது, தேறிவிட்டது என்று செய்தி வந்தது. திட்டம் தொடங்கியபோது நான் அதில் இல்லை. நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. அது போதும்.

எல்லாம் சுபம் என்று முடிக்க ஆசைதான். ஆனால் அந்த மொழிபெயர்த்த பையன் இப்போது மால்டோவாவில் இல்லை. திட்டத்தில் இரண்டு வருஷம் வேலை பார்த்தான். அந்த அனுபவத்தைக் காட்டியே ஜெர்மனியில் வேலை வாங்கிவிட்டான். ஒரு நாடு முன்னேற வேண்டும் என்று கொடுக்கும் நிதியே அந்த நாட்டின் பிள்ளைகளுக்கு வெளியேறும் வாசலாகவும் ஆகிவிடுகிறது. கிளம்புமுன் என்னிடம் யோசனை கேட்டான். போகாதே என்று நான் எந்த வாயால் சொல்வேன்? 1975-இல் மீனம்பாக்கத்தில் என் அப்பா நின்ற நிலை என் கண்ணில் இருக்கிறது. "போய்விட்டு வா" என்றேன். 'வா' என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன்.

இதையெல்லாம் யோசிக்கும்போது நான் படித்த இடம் நினைவுக்கு வருகிறது. சென்னை ஐ.ஐ.டி. 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கியது. கருவிகளை மட்டும் கப்பலில் அனுப்பிவிட்டு அவர்கள் சும்மா இருக்கவில்லை. பேராசிரியர்கள் வந்து தங்கிச் சொல்லிக் கொடுத்தார்கள். நம் ஆசிரியர்களை அங்கே அழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அப்புறம் நம்மவர்களே நடத்தினார்கள். இயந்திரத்தோடு மனிதரும் வந்ததால்தான் அது நிலைத்தது. காகிதத்தில் ஒப்பந்தம் போடுவது கதவைத் திறப்பது மட்டும்தான். உள்ளே வருபவருக்கு இலை போட்டு, பரிமாறி, "இன்னும் கொஞ்சம்" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியமும் இதை மெல்லப் புரிந்துகொண்டிருக்கிறது. இப்போது இரட்டைச் சேர்க்கை மாதிரி ஒரு நிதி உண்டு. பின்தங்கிய நாட்டு நிறுவனம் தலைமை ஏற்க, முன்னேறிய நிறுவனங்கள் இரண்டாவது அதனோடு சேர்ந்து சொல்லிக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் திட்டத்தில் இப்படிப்பட்ட நாட்டிலிருந்து ஒருவரைப் பாதியில் சேர்த்துக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள், ஓடுகிற பஸ்ஸில் ஏறிக்கொள்வது போல. நல்லதுதான். ஆனால் பஸ்ஸில் ஏறியவருக்கு உட்கார இடம் இருக்கிறதா, அல்லது படிக்கட்டில் தொங்க வேண்டியதுதானா என்பதை முடிவு செய்வது உள்ளே இருப்பவர்கள்தான். விதி அதைச் செய்யாது.

என்னைக் கேட்டால் மூன்றே விஷயம். விண்ணப்பம் எழுதும் கடைசி வாரத்தில் கூப்பிடாதே, யோசனை பிறக்கும்போதே கூப்பிடு. உன்னிடம் இல்லாத எது அவரிடம் இருக்கிறது என்று கேள். அந்த வேலையை அவர் தலைமையில் விடு. அந்த நிலையத்தில் படிவமும் கணக்கும் தெரிந்த ஒருவரையாவது உருவாக்கிவிட்டு வா. இதற்குப் பெரிய பணம் ஆகாது. ஒரு வாரம் அங்கே போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது அந்த மின்னஞ்சலுக்கு வருகிறேன். அந்த அம்மாளும் ஓய்வு வயதைத் தாண்டிவிட்டார். ஆனால் அங்கே ஆராய்ச்சியாளர்கள் லேசில் வீட்டுக்குப் போவதில்லை. கடிதத்தைத் தமிழில் தருகிறேன்:

"அன்புள்ள டாக்டர், பெரிய பல்கலைக்கழகம் ஒன்று எங்களை அழைத்தது. மூன்று வருஷத்தில் இரண்டு மாதச் சம்பளம், ஒரு வலைப்பக்கம், ஒரு பயிலரங்கம். கெடுவுக்குப் பத்து நாள். நாங்கள் யாருக்கும் கறிவேப்பிலை இல்லை என்று எழுதிவிட்டேன். அவர்களுக்குப் புரிந்திருக்காது. அடுத்த வருஷம் எங்கள் தலைமையிலேயே ஒரு விண்ணப்பம் போடுகிறோம். என் மாணவிதான் எழுதுகிறாள். படத்தில் இருக்கும் கிணறு உங்களுக்கு நினைவிருக்கிறதா?"

இருக்கிறது. அதே நீலக் கூரை, அதே பூவேலை. ஆனால் இப்போது பக்கத்தில் ஒரு சின்னப் பலகை. நைட்ரேட் அளவு எவ்வளவு, கைக்குழந்தைக்கு இந்தத் தண்ணீர் கொடுக்கலாமா கூடாதா என்று ஊர்க்காரர்களின் மொழியில் எழுதியிருக்கிறது. அளவு இன்னும் ஐம்பதுக்கு மேலேதான். ஆனால் தெரியாமல் குடித்த காலம் போயிற்று.

நண்பரே, உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். கூப்பிட்டும் வரவில்லை என்றால் அது சோம்பேறித்தனம் என்று உடனே சொல்லிவிடாதீர்கள். எப்படிக் கூப்பிட்டோம் என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.